தேவை இருக்கு, வேண்டாம்

மனைவி வாய் தவறி அந்தச் சொல்லைச் சொன்னபோது ஸ்கேல் சார் ஒரு காலில் மட்டும் செருப்பு மாட்டியிருந்தார்.

"என்ன சொன்னே?"

"ஒண்ணும் இல்லையே. நம்ம பொண்ணுக்கு இன்னைக்கு ஃபெல்லோஷிப் இன்டர்வியூன்னேன்."

"அதுக்கு முன்னாடி வேற ஒரு வார்த்தை சொன்னே."

மனைவி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். வெளியே பார்க்கும்படியாக எதுவும் இல்லை.

"உதவித்தொகை," என்றாள் சன்னமாக.

ஸ்கேல் சார் மாட்டிய செருப்பையும் கழற்றினார்.

நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். உட்கார்ந்தாலும் நின்றாலும் முதுகு கோடு போட்டதுபோல் இருக்கும். தெருவில் அவருக்கு ஸ்கேல் சார் என்று பெயர். கேலிக்கு வைத்த பெயரை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்ளவும் ஒரு தகுதி வேண்டும்.

மகள் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. செய்கிறாள். கொஞ்ச நாளாகவே வீட்டில் ஃபெல்லோஷிப், ஃபெல்லோஷிப் என்று பேச்சு. படித்தவர்கள் நாலு பேர் கூடிப் பழகும் சங்கம் போலிருக்கிறது என்று அவர் நினைத்திருந்தார். நல்லவர்களோடு பழகட்டும் என்று விட்டுவைத்திருந்தார். அந்தச் சங்கத்துக்குள்ளே 'உதவி' என்றும் 'தொகை' என்றும் இரண்டு பேர் ஒளிந்திருப்பார்கள் என்று யார் கண்டது?

"ரெண்டும் ஒண்ணுதாங்க. இங்கிலீஷ்ல அது, தமிழ்ல இது."

"ஒண்ணுன்னா, இத்தனை நாள் எதுக்கு அம்மாவும் பொண்ணும் இங்கிலீஷ்லயே பேசினீங்க?"

மனைவி மறுபடியும் ஜன்னலைப் பார்த்தாள்.

"நம்ம குடும்பத்துல உதவி பண்ணியிருக்கோம். வாங்கினது கிடையாது. எங்க அப்பா ஆஸ்பத்திரியில படுத்தப்போகூட வீட்டுத் தலையணையைத்தான் எடுத்துட்டுப் போனார்."

"அவர் தலையணையோட போயிட்டார். இவ படிப்போட நிக்கறா. ப்ரொஃபசர்கிட்ட இருந்த ப்ராஜெக்ட் முடிஞ்சுபோச்சு, அதுலேர்ந்து வந்த பணமும் நின்னுபோச்சு. உங்க பென்ஷன் வாடகைக்கும் மாத்திரைக்குமே சரியா இருக்கு. இன்னைக்கு இது கிடைக்கலைன்னா, படிப்பை விட்டுட்டு ஏதாவது கம்பெனிக்குப் போறேன்னு சொல்லிட்டா."

"நான் பார்த்துக்கறேன்."

"எதை வெச்சு?"

"அது அப்புறம். முதல்ல மானம்."

சிரிக்க இதில் ஒன்றும் இல்லை. ஒரு முறை நடுத்தெருவில் மழை பிடித்துக்கொண்டபோது எதிர்வீட்டு வக்கீல் குடையை நீட்டினார். ஸ்கேல் சார் வாங்கவில்லை. வாங்கினால் மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போக வேண்டும். போனால் உட்காரச் சொல்வார்கள். உட்கார்ந்தால் குடிக்க எதையாவது கொண்டுவந்து வைப்பார்கள். ஒரு குடைக்கு இத்தனை கடமை. நனைவது மலிவு. நனைந்தார், காய்ச்சலில் படுத்தார், எழுந்தார், விஷயம் தீர்ந்தது.

மகளுக்கு அந்தக் குடைக் கதை அலுப்பதே இல்லை. "அப்பா, அவர் குடையை நீட்டினப்போ உங்க மனசுல முதல்ல என்ன தோணுச்சு?" என்று கேட்பாள். "குடைக்குப் பதிலா பிளாஸ்டிக் பை குடுத்திருந்தா வாங்கியிருப்பீங்களா?" என்று கேட்பாள். பெற்றவரின் குணத்தில் பெண்ணுக்கு இவ்வளவு மரியாதை என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

ஆனால் அவள் எதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நிரம்ப ஆசை. தொடக்கத்திலேயே "மனுஷங்களைப் பத்திப்பா" என்று சொல்லிவிட்டாள். மேற்கொண்டு விளக்கச் சொல்வதும் ஒரு வகையில் உதவி கேட்பதுதானே என்று அவர் கேட்கவில்லை.

கழற்றிய செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினார். பேருந்தில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். அவர் உட்காரவில்லை. அவளும் மரியாதைக்கு உட்காரவில்லை. காலி இருக்கையின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்றபடியே பல்கலைக்கழகம் வந்தது.

உதவித்தொகைப் பிரிவு எங்கே என்று அவர் யாரையும் கேட்கவில்லை. நிலம் அளந்தவருக்கு வழி கேட்கும் அவசியம் இல்லை. நூலகச் சுவருக்கு இணையாக நடந்தால் நிர்வாகக் கட்டடம் வந்தாக வேண்டும் என்று கணக்குப் போட்டு நடந்தார். ஒரு கண்ணாடிக் கூடம் வந்தது. உள்ளே செடிகளெல்லாம் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொரு அட்டையாகப் படித்துவிட்டு வெளியே வந்தார். அடுத்து, கண்ணாடி ஜாடிகளில் என்னென்னவோ மிதக்கும் ஓர் அறை. அதையும் விடாமல் பார்த்தார். அதற்கும் அடுத்தது பெண்கள் விடுதி வாசல்.

"எங்க போகணும் சார்?" என்றார் காவலாளி.

"எங்கயும் இல்லை. நடக்கறேன்."

"இங்க நடக்கக் கூடாது சார்."

வந்த வழியே திரும்பியபோது அந்தப் பலகை தானாகவே கண்ணில் பட்டது. ஆராய்ச்சி உதவித்தொகைப் பிரிவு. தூரத்தில் வருகிறவனும் படிக்கட்டும் என்று எழுத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஸ்கேல் சார் தலையைக் குனிந்துகொள்ளாமல், பலகையை நேராகப் பார்த்தபடியே உள்ளே நுழைந்தார்.

மேசைக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடி போட்ட கிளார்க் அம்மா காகிதங்களை அடுக்கி ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மாணவியோட பேரை எடுக்கணும்," என்றார் ஸ்கேல் சார்.

"எதுல இருந்து?"

"இதுல இருந்து." அந்தச் சொல்லை அவர் வாயால் சொல்லவில்லை.

"மாணவி பேர் என்ன?"

"அதைச் சொல்ல மாட்டேன். இந்த இடத்துல அந்தப் பேர் வரக் கூடாதுன்னுதான் வந்திருக்கேன்."

"பேரைச் சொல்லாம பேரை எப்படி சார் எடுக்கறது?"

நியாயமான கேள்விதான். ஸ்கேல் சார் சிறிது யோசித்தார். பின்னால் சான்றிதழோடு வரிசையில் நின்ற மாணவர்கள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டார்கள்.

"சரி, பேர் இருந்துட்டுப் போகட்டும். அந்த வார்த்தையை மட்டும் மாத்துங்க. ஊதியம்னு போடுங்க."

"ஊதியம்னா வேலை பார்க்கணும். வேலை பார்க்கறவங்களுக்கு இது கிடையாது."

"பரிசு?"

"பரிசுன்னா போட்டி வைக்கணும்."

"நல்கைன்னு போடுங்க. பார்க்கவும் கௌரவமா இருக்கும்."

"அது ப்ரொஃபசருங்களுக்கு. அவங்களே கிடைக்காம அலையறாங்க."

"அப்போ கௌரவத்தொகை."

"அது வெளியில இருந்து பேச வர்றவங்களுக்கு. அந்த மாணவி பேசுவாங்களா?"

"வீட்டுல பேசுவா."

வரிசையில் யாரோ இருமினார்கள். கிளார்க் அம்மா பின் அடிப்பதை நிறுத்தினார்.

"இதோ பாருங்க சார். உங்களுக்குத் தேவையில்லைன்னா, வசதி இருக்குன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அந்தப் பேர்ல அப்புறம் எதுவுமே வராது. ஹாஸ்டல் ரூம், லைப்ரரி டெபாசிட் தள்ளுபடி, எல்லாம் போயிடும்."

அவ்வளவும் போவதில் ஸ்கேல் சாருக்குச் சம்மதம் இல்லை. பொய் எழுதிப் பழக்கமும் இல்லை.

"வசதி இருக்குன்னு நான் சொல்லலையே."

"அப்போ தேவை இருக்கா?"

"தேவை இருக்கு."

"இருந்தா வாங்கிக்க வேண்டியதுதானே?"

"தேவை இருக்கு. வேண்டாம்."

கிளார்க் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். போனை எடுத்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "ஆமா மேடம். நிஜமாத்தான். என் எதிர்லயே நிக்கறார். இல்லை மேடம், நல்லாத்தான் இருக்கார்," என்றார்.

போனை வைத்தபோது அவர் குரலே மாறியிருந்தது. "கொஞ்சம் மாடிக்குப் போறீங்களா சார்? கமிட்டியே உங்களைப் பார்க்கணுமாம்."

மாடி அறை வாசலில் இருந்த அட்டெண்டர் எழுந்து தன் நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்க ஐயா. மூச்சு வாங்குது பாருங்க."

"என் மூச்சு. நான் வாங்கிக்கறேன்."

அட்டெண்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே நீள மேசை. நடுவில் வெள்ளை முடியைக் கத்தரித்த தலைவி அம்மாள். இந்தப் பக்கம் ஒரு வழுக்கைத் தலைக்காரர், அந்தப் பக்கம் ஒரு தாடிக்காரர். கோபத்தோடு இருப்பார்கள் என்று நினைத்துப் போனவருக்கு ஆச்சரியம். மூன்று பேரும் வராத விருந்தாளி வந்ததுபோல் அவரைப் பார்த்தார்கள்.

"உட்காருங்க," என்றார் தலைவி.

"நிக்கறேன்."

"தண்ணி குடிக்கறீங்களா?"

"வீட்டுல குடிச்சிட்டுத்தான் கிளம்பினேன்."

"ஃபேனையாவது உங்க பக்கம் திருப்பட்டுமா?"

"அது அவர் பக்கம் இருக்கு. அவருக்கே இருக்கட்டும்."

தாடிக்காரர் பேனாவைத் திறந்தார். "ஏன் சார் எதையும் வாங்கிக்க மாட்டேங்கறீங்க? அவமானமா இருக்குமா, பயமா?"

இந்த மாதிரி ஒரு கேள்வியை வெளியாள் யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவருக்குப் பேசப் பிடித்தது. குடைக் கதையைச் சொன்னார். தலையணைக் கதையைச் சொன்னார். வழுக்கைத் தலைக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இப்ப நீங்க கிணத்துல விழுந்துட்டீங்கன்னு வைங்க. ஒருத்தர் மேல இருந்து கயிறு போடறார். பிடிப்பீங்களா?"

"கயிறு யாரோடது?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவரோடதுதான்."

"யோசிக்கணும்," என்றார் ஸ்கேல் சார்.

தலைவி முன்னால் இருந்த விண்ணப்பக் கட்டைப் புரட்டினார். பிறகு, "நீங்க யாரோட தகப்பனார்னு தெரிஞ்சுக்கலாமா?" என்றார்.

"மன்னிக்கணும். ஒரு மாணவியோட தகப்பனார். அவ்வளவுதான்."

"சரி, வெளிய இருங்க. நாங்க பேசி முடிவு பண்றோம்."

வெளியே வந்தவருக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. படித்த மூன்று பேர் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். குடும்ப மானத்தை உயரமான இடத்தில் வைத்துவிட்டு வந்த நிறைவு.

தாழ்வாரத்தின் கோடியில், சுவரோரம் பையை மடியில் வைத்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"அது இருக்கட்டும். உன் முகம் ஏன் இப்படி இருக்கு?"

"காலையில இன்டர்வியூ நல்லாப் போகலைப்பா. ஒரு உதாரணம் கேட்டாங்க. இருந்துச்சு, சொல்லலை."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"வீட்டு விஷயம் வெளிய போகக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

அவருக்கு விளங்கவில்லை. கேட்கலாமா என்று நினைத்தார். அதற்குள் அவளே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு, அதான் வந்திருக்கீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணுங்கப்பா. உள்ள போய் எதுவும் சொல்லாதீங்க. அப்படியே வீட்டுக்குப் போங்க."

ஸ்கேல் சார் அறைக் கதவைப் பார்த்தார்.

"உள்ள போயிட்டு வந்துட்டேம்மா."

மகள் கையை விட்டாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. மடியில் இருந்த பையின் ஜிப்பை மெல்லத் திறந்து, மெல்ல மூடினாள். "சரிப்பா," என்றாள். "கம்பெனி வேலையும் வேலைதானே. மனுஷங்களைப் பத்தித் தெரிஞ்சுக்க ரொம்ப ஆசையா இருந்துச்சு. பரவாயில்லை."

திட்டியிருந்தால் நிமிர்ந்து நின்று பதில் சொல்லியிருப்பார். 'பரவாயில்லை' என்ற சொல்லுக்கு எதிரே எப்படி நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் அவள் எதற்கும் ஏன் ஏன் என்று கேட்டு அவரைத் துளைத்தது ஞாபகம் வந்தது. இந்தக் கழுதை ஒரு நாள் இந்தக் கேள்விகளாலேயே பெரிய ஆளாகும் என்று அவர்தான் சொல்லியிருக்கிறார்.

"இரும்மா," என்றார்.

கதவை நோக்கி நடந்தார். நடந்தபடியே அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். நான் ஒரு உதவி கேட்டு வந்திருக்கேன். சரியில்லை. நீங்க பெரிய மனசு பண்ணி. அதுவும் சரியில்லை. தயவுசெஞ்சு என் பொண்ணுக்கு. கதவுப் பிடியில் கையை வைத்தபோது, யாரும் பார்த்தறியாத விதமாக, அந்த முதுகு கொஞ்சம் வளைந்தது.

கதவு உள்ளிருந்தே திறந்தது. உள்ளே போயிருந்த அட்டெண்டர் அவரைத் தாண்டி மகளைப் பார்த்துச் சிரித்தார்.

"பாப்பா, உனக்கு சாங்ஷன். 'தேவை இருந்தும் உதவியை வேண்டாம்னு சொல்றவங்க'ளைப் பத்தி ஆராய்ச்சி பண்றேன்னியே, அப்படி ஒருத்தரைக் காட்டு பார்க்கலாம்னு காலையில கேட்ட மேடம், இவ்வளவு அசலான ஆளை எங்கேர்ந்து பிடிச்சிட்டு வந்தேன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."