அப்பாவின் காரை அனுப்ப வேண்டாம்

அன்பும் மரியாதையும் மிக்க ஆர்டித் அக்காவுக்கு,

நெப்ராஸ்காவிலிருந்து தம்பி எமில் எழுதிக்கொள்வது. இன்றைய தேதிவரை நானும் என் வீட்டுக்காரி லவானும் உயிரோடு இருக்கிறோம். அரிசோனாவில் நீயும் அத்தானும் வெயிலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. நான் இரும்புக் கொட்டகை போட்டதைக் கேள்விப்பட்டு, அப்பாவின் பச்சைக் காரை இங்கே அனுப்பப்போவதாக எழுதியிருக்கிறாய். உன் காலில் விழுந்து கேட்கிறேன், அனுப்பாதே.

முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவன் நான். ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. பயந்து பயந்து ஓட்டியதுதான் காரணம். ஓய்வு பெற்ற பிறகு பழைய வண்டிகள் மேல் ஆசை வந்து, ஒரு கிழட்டுத் தீயணைப்பு வண்டி உட்பட ஏழு வண்டிகள் முற்றத்தில் சேர்ந்துவிட்டன. துணி காயப்போடக்கூட இடமில்லை என்று லவான் சத்தம் போட்ட பிறகுதான் கொட்டகைக்கு ஏற்பாடு செய்தேன். ஒரு முழுக் கட்டடமும் கட்டுக்கட்டாக லாரியில் வந்து இறங்கியது. பக்கத்துப் பண்ணை க்ளேட்டஸ் உதவிக்கு வந்தான். எதற்கும் பயப்படாத ஆள். அதனாலேயே அவனைப் பார்த்தால் எனக்குப் பயம்.

முதல் இரும்புச் சட்டத்தை நிமிர்த்திய அன்று காற்று கிளம்பியது. "எமிலு, இந்தக் கயித்தப் பிடிச்சுக்க. விட்டுடாத, இதோ வந்துடறேன்" என்று சொல்லிப் போன க்ளேட்டஸ், சர்ச்சில் கொலாச் ரொட்டி விற்கிறார்கள் என்று கேட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். இரும்பு மேலே ஆடுகிறது, கீழே நான் ஆடுகிறேன். இரண்டரை மணி நேரம் மூக்கைக்கூடச் சொறியவில்லை, அக்கா. லவான் வந்து பார்த்தாள்.

"என்னங்க, கயித்தோட முனைய அவரு தீயணைப்பு வண்டி பம்பர்ல கட்டிட்டுத்தானே போயிருக்காரு? நீங்க எதத் தாங்கிட்டு நிக்கிறீங்க?"

நாங்கள் கூரையையும் போட்டு முடித்தபோது பதினாலு போல்ட் மிச்சம். எங்கே போடாமல் விட்டோம்? "கம்பெனிக்காரன் ரெண்டு கூடத்தான்டா வைப்பான்" என்றான் க்ளேட்டஸ். ரெண்டு என்றால் சரி, பதினாலு? அதிலிருந்து காலை வெயில் ஏறும்போதெல்லாம் கூரை 'டமார்' என்னும். நான் குப்புற விழுவேன். "தகரம் சூட்டுல விரியுதுடா" என்று அவன் எத்தனை முறை சொன்னாலும் என் முழங்காலுக்கு அது புரியவில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, சுழற்காற்று வருமுன் ஆவதுபோல் வானம் பச்சையாகிப்போச்சு. டவுனில் அபாயச் சங்கு ஊதினார்கள். நிலவறைக்குள் முதலில் இறங்கியது யார் என்று நீ கேட்கவே வேண்டாம். இறங்கித் திரும்பிப் பார்த்தால் லவான் இல்லை. சின்ன ஜன்னல் வழியே பார்க்கிறேன், கொட்டகையின் பெரிய சுருள் கதவு பாதி ஏறி நிற்கிறது. உள்ளே காற்று புகுந்தால் கூரை குடை மாதிரி கிளம்பிவிடும். கதவுக்குக் கீழே அவளுடைய சிவப்புக் காலணி தெரிந்தது.

எப்படி முற்றத்தைத் தாண்டினேன் என்று எனக்கே தெரியாது. முட்டை முட்டையாக ஆலங்கட்டி. கதவு சிக்கிக்கொண்டதால் லவான் அதை இறக்கும் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தாள். நானும் தொங்கினேன். இரண்டு கிழங்களின் கனத்துக்குக் கதவு மெல்ல இறங்கியது. தீயணைப்பு வண்டிக்கு அடியில் புகுந்து, ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு படுத்தோம். சரக்கு ரயில் ஒன்று தலைமேல் போவதுபோல் சத்தம். தகரம் முழுக்க அழுதது. முடிந்தது என்று நினைத்து, செத்துப்போகுமுன் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"லவான், உனக்குத் தெரியாம ஒரு பால் வண்டியும் வாங்கிட்டேன். க்ளேட்டஸ் களத்துல ஒளிச்சு வச்சிருக்கேன். மன்னிச்சுடு."

"தெரியும்" என்று என் காதில் கத்தினாள். "அதுக்கு எடம் பண்ணத்தான் அந்த மூலைய ஒழிச்சிட்டிருந்தேன். தலையக் குனிங்க!"

நாற்பத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் நான் அழுதது அப்போதுதான். ஆலங்கட்டி பட்ட வலியால் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல்.

சுழற்காற்று ஒரு மைல் தள்ளிப் போயிருக்கிறது. க்ளேட்டஸின் தானியக் கொட்டில் தரைமட்டம், களத்தில் நின்ற பால் வண்டிக்கு ஒரு கீறலும் இல்லை. அவன் மட்டும் புல்வெளியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். என் கொட்டகை நிற்கிறது. ஆனால் நான் நிற்கவில்லை, அக்கா. இனி அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கமாட்டேன். வண்டிகளை விற்றுவிட்டு, இலையுதிர் காலத்துக்குள் கொட்டகையைக் கழற்றிவிடுவதென்று முடிவு. அப்பாவின் காருக்கு ஒரு சேதம் வந்தால் மேலே போய் எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பேன்?

அத்தானின் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும். குழந்தைகளுக்கு என் முத்தங்கள்.

உன் பயந்த தம்பி,
எமில் வோந்த்ரா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மறுபடியும் சங்கு. நிலவறை பத்தடியில் இருந்தும் கால்கள் என்னைக் கேட்காமல் கொட்டகைக்கு ஓடிவிட்டன. லவானும் அங்கேதான் வந்து சேர்ந்தாள். மாதத்தின் முதல் புதன்கிழமை, சும்மா சோதனைக்கு ஊதியதாம். வந்தது வந்துவிட்டோம் என்று டேப்பைப் பிடித்து அளந்தோம். பால் வண்டியை அந்த மூலையில் விட்டாலும், அதற்கும் சுவருக்கும் நடுவே அப்பாவின் கார் ஒரு சாண் மிச்சத்தோடு நிற்கும். உடனே அனுப்பு.