மரமண்டைக்கு ஒரு பரிந்துரை

டுவேன் புக்கிலாவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுத வேண்டும். ஒன்று கிடைத்தால் போதும், மற்றதை அதன் பின்னால் கோத்துவிடலாம். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்த பேராசிரியர் லீலாண்ட் ஹாகன் பதினொன்றரை வரை எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'டுவேன் புக்கிலா வகுப்புக்கு நேரத்தோடு வருவார்.'

அதுவும் பொய். ஏரி உறைந்துவிட்டால் பனியில் துளை போட்டு மீன் பிடித்துவிட்டுக் கால் மணி தாமதமாகத்தான் டுவேன் வருவார். சில நாள் மீனையும் கொண்டுவருவார்.

ஹாகன் மனிதர்களை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்: மக்கு, மட்டி, மரமண்டை. மக்குக்குச் சொல்லிக் கொடுத்தால் தேறும். மட்டிக்குச் சொல்லிக் கொடுத்தால் தலையை ஆட்டும், தேறாது. மரமண்டையோ நமக்கே திருப்பிச் சொல்லிக் கொடுக்க வரும். மினசோட்டாவில் இருந்த அந்தச் சின்னக் கல்லூரியில் மாணவர்கள் எல்லோரும் மக்கு, ஆசிரியர்கள் மட்டி. டீன் ரோசலின் பெக் மட்டியிலேயே கொஞ்சம் மேல்தரம். மரமண்டை என்ற பட்டத்தை மட்டும் ஹாகன் கண்டபடி வாரி இறைக்கவில்லை. இருபது வருஷத்தில் ஒரே ஒருவருக்குத்தான் கொடுத்திருந்தார். அந்த ஒருவர் தத்துவத் துறையிலேயே, அவருக்கு அடுத்த அறையிலேயே இருந்தார்.

போன வாரம் டுவேன் மதியச் சாப்பாட்டு டப்பாவோடு வந்து வாசலில் நின்றார்.

"லீலாண்ட், ஒரு உதவி. ஓரிகன்ல ஒரு காலேஜ்ல ஆள் எடுக்கறாங்க. என் தங்கச்சி அந்த ஊர்லதான் இருக்கா. நீங்க ஒரு பரிந்துரைக் கடிதம் குடுத்தா நல்லா இருக்கும்."

"நானா?"

"உங்களைவிடப் படிச்சவர் எனக்கு யாரைத் தெரியும்?"

"அது உண்மைதான்," என்றார் ஹாகன்.

டுவேன் கிளம்பினவர் திரும்பினார். "உங்களுக்கு அலாஸ்காவிலேருந்து தகவல் ஏதாவது வந்துச்சா?"

"வரும், வரும். நீ ஏன் கவலைப்படறே?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

அலாஸ்கா விஷயம் இதுதான். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் எங்கோ தூரத்தில் இருக்கிற ஒரு கல்லூரியிலிருந்து ஹாகனுக்கு அழைப்பு வரும். 'உங்கள் மேதைமை எங்கள் காதுக்கு எட்டியது. இங்கே காலியாக உள்ள பதவிக்கு விண்ணப்பிக்க வேண்டுகிறோம்' என்று இருக்கும். மெயின், புளோரிடா, ஹவாய் என்று இதுவரை பதினொன்று. எல்லாவற்றையும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். விண்ணப்பம் போடுவார், நேர்காணலுக்குப் போவார், இரண்டு மணி நேரம் பேசிவிட்டு வருவார். பிறகு வேறு யாரையாவது எடுத்துக்கொள்வார்கள். "அவங்க வாசக்கால் நம்ம உயரத்துக்குப் பத்தலை," என்பார். இந்த வருஷத்து அழைப்பு அலாஸ்காவிலிருந்து. துறையில் எல்லோரும் அதைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருந்தார்கள். தான் போய்விடுவோமோ என்று இவர்களுக்கு எவ்வளவு பதற்றம் என்று நினைக்க அவருக்கே கொஞ்சம் பரிதாபமாக இருந்தது.

ஆனால் ஹாகனுக்கு அலாஸ்கா வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது மூலை அறை. துறைத்தலைவர் மே மாதம் ஓய்வு பெறுகிறார். ஏரியைப் பார்த்த இரண்டு ஜன்னலோடு அந்த அறை அடுத்த தலைவருக்கு. மூத்தவர்கள் இரண்டே பேர்தான், ஹாகனும் டுவேனும். டீன் இருவரில் ஒருவரைச் சொல்ல வேண்டும். ஹாகனுக்கு அறுபத்து மூன்று வயது. இந்தத் தடவை தப்பினால் பிறகு கிடையாது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், யாரும் இல்லாத நேரம் பார்த்து உள்ளே போய் நாடாவை வைத்துப் புத்தக அலமாரிக்குச் சுவரை அளந்துகூட வந்துவிட்டார்.

டுவேன் ஓரிகன் போய்விட்டால் போட்டியே இல்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அதில்தான் சிக்கல். பரிந்துரைக் கடிதத்துக்கு என்று தனி பாஷை உண்டு. 'கடின உழைப்பாளி' என்று எழுதினால் மூளை கிடையாது என்று அர்த்தம். 'பழக இனிமையானவர்' என்றால் வேறு சொல்ல ஒன்றுமில்லை. 'நேரத்தோடு வருவார்' என்று போட்டால் ஓரிகன்காரன் காகிதத்தைக் கிழித்தே போட்டுவிடுவான். டுவேன் இங்கேயே உட்கார்ந்துவிடுவார். சுமாரான ஆளுக்கே 'இருபது ஆண்டில் இப்படி ஒருவரைக் கண்டதில்லை' என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம். மரமண்டையை விற்க வேண்டும் என்றால் இன்னும் நாலு படி மேலே போக வேண்டும்.

டுவேனை நினைத்துக்கொண்டு அப்படி எழுதக் கை வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஹாகனுக்கு வழி தெரிந்தது. தன்னைப் பற்றியே எழுதினார். கை பறந்தது. இரண்டு பக்கம் முடிந்ததும் பெயரை மட்டும் டுவேன் என்று மாற்றினார்.

கடிதங்களைக் கல்லூரித் தாளில் அச்செடுத்து, ஒரு நகலைக் கோப்பில் போட்டு அனுப்புவது அலுவலகத்தில் இருந்த மார்லிஸ் டிவைட்டின் வேலை. முப்பது வருஷமாக அதே நாற்காலி. படித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது டுவேனுக்கா?"

"பேர் போட்டிருக்கே."

"பேரைப் பார்த்துட்டுதான் கேக்கறேன்."

"மார்லிஸ், ஒரு மரமண்டையை எப்படிக் கண்டுபிடிக்கறது தெரியுமா? ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். அவனுக்கு மட்டும் தெரியாது."

"அப்படிங்களா," என்று மார்லிஸ் உறையை ஒட்டினார். "அலாஸ்காவிலேருந்து ஏதாவது வந்துச்சா?"

பத்து நாள் கழித்து டீன் கூப்பிட்டு அனுப்பினார். மேஜை மேல் அந்தக் கடிதத்தின் நகல் கிடந்தது.

"ஓரிகன்லேருந்து போன் பண்ணினாங்க, லீலாண்ட். இப்படி ஒரு மனுஷன் நிஜமாவே இருக்காரான்னு கேட்டாங்க. கோப்பை வரவழைச்சு ரெண்டு தடவை படிச்சேன். நம்ம டுவேன் இப்படிப்பட்டவர்னு எனக்கே தெரியாமப் போச்சே."

ஹாகன் நகலைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தார். "கடிதம்னா கொஞ்சம் முன்னபின்ன இருக்கும், ரோசலின்."

"மத்தவங்க எழுதினா இருக்கும். நீங்க எழுதினதாச்சே. இருபது வருஷத்துல உங்க வாயிலேருந்து யாரைப் பத்தியும் ஒரு நல்ல வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. என்னையே மட்டின்னு சொன்னீங்களாமே."

"மேல்தரம்னும் சொன்னேன்."

"அதான் சொல்றேன். உங்களையே இப்படி எழுத வச்சுட்டாருன்னா அவரை விடலாமா?"

ஹாகன் வெளியே வந்து பனியில் நின்று யோசித்தார். டீன் விழித்துக்கொள்வதற்குள் ஓரிகனை அவசரப்படுத்த வேண்டும். அறைக்குப் போய் அங்கே போன் போட்டார். "சீக்கிரம் முடிங்க. வேற மூணு காலேஜ் அவர் பின்னாடி அலையுது," என்றார். மூன்றில் ஒன்றுகூட உலகத்தில் இல்லை.

ஓரிகன்காரர்கள் அன்று மாலைக்குள் முடித்துவிட்டார்கள். கேட்டதைவிடப் பெரிய பதவி, கேட்டதைவிடப் பெரிய சம்பளம். ஹாகன் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார். கல்லூரி உலகத்தின் இன்னொரு வழக்கத்தை அந்த நிம்மதியில் மறந்துவிட்டார். வெளியூர்க்காரன் கை நீட்டினால்தான் உள்ளூர்க்காரனுக்குத் தன் ஆளின் மதிப்பு தெரியும். அவன் கொடுப்பதற்கு ஈடாக இவனும் ஏதாவது கொடுத்துத்தான் நிறுத்துவான்.

மறுநாள் காலை டீன் அவரை வழியிலேயே மடக்கினார். "சம்பளத்துல நம்மால ஓரிகனோட போட்டி போட முடியாது. அதனால டுவேனுக்குத் துறைத்தலைவர் பதவியைக் குடுத்து நிறுத்தலாம்னு இருக்கேன். வெள்ளிக்கிழமை கூட்டத்துல சொல்றேன். முதல் கைதட்டல் உங்களோடதா இருக்கணும்."

மூலை அறையும் இரண்டு ஜன்னலும் ஹாகனின் கண்ணெதிரே கிளம்பிப் போயின. அவருக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"டுவேன் தலைவர்னா நான் அலாஸ்காவுக்குப் போயிடுவேன்."

டீன் அப்படியே நின்றார். "உறுதியாயிடுச்சா?"

"இன்னும் இல்லை."

"ஓ," என்றார் டீன். அவர் முகம் விழுந்துவிட்டது. பயந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார் ஹாகன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் காபியும் எலுமிச்சை கேக்கும் வைத்திருந்தார்கள். டீன் அறிவிப்பை ஆரம்பித்ததும் ஹாகன் எழுந்தார். இனி மறைத்துப் பயனில்லை, உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

"மன்னிக்கணும். டுவேன் நல்லவன்தான். ஆனா தத்துவம் அவனுக்கு வராது. போன வருஷம் பரீட்சையில 'மீன் தூண்டிலை நம்பலாமா'ன்னு ஒரு கேள்வி குடுத்தான். துறையை நடத்தற மூளை அவனுக்குக் கிடையாது. சுத்தமா சொல்லணும்னா, அவன் ஒரு மரமண்டை."

டுவேன் எலுமிச்சை கேக்கை வாயருகே பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அப்படியா," என்று டீன் ஒரு காகிதத்தை விரித்தார். "அப்போ இதை எழுதினது யாரு?" படிக்க ஆரம்பித்தார். "'இவருடைய அறிவின் உயரத்துக்கு எங்கள் கல்லூரியின் கூரை தாழ்வு. இவர் தாழ்வாரத்தில் எதிரே வந்தால் என் சிந்தனை தானாகவே வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. வெள்ளிபோல் நரைத்த முடியைக் கோதியபடி இவர் பேசத் தொடங்கினால்…'"

எல்லோரும் டுவேனைப் பார்த்தார்கள். டுவேனுக்குத் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. அவர் கையைத் தூக்கித் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அது உருவகம்," என்றார் மூலையில் இருந்த ஒருவர். தத்துவத் துறை அல்லவா, உடனே ஒப்புக்கொண்டார்கள்.

"லீலாண்ட்," என்றார் டீன், "நண்பர் ஓரிகனுக்குப் போய் நல்லா இருக்கட்டும்னு வாய்க்கு வந்ததைச் சொல்றீங்க. எனக்குப் புரியுது. பெரிய சம்பளத்தை விட்டுட்டு இங்கேயே தங்கிடறாரேன்னு உங்களுக்குத் தாங்க முடியலை."

"அது இல்லை."

"போதும், உட்காருங்க."

டுவேன் எழுந்து வந்து ஹாகனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கம்பளிச் சட்டையில் மீன் வாசனை வந்தது.

"எனக்குத் தெரியாதே, லீலாண்ட். இத்தனை வருஷம் என்னை மக்குன்னு நினைக்கறீங்கன்னு நினைச்சேன்."

"மக்கு இல்லைப்பா," என்றார் ஹாகன் அவர் தோளுக்குள் இருந்து.

"நான் எங்கேயும் போகலை. தங்கச்சியை லீவுக்குப் போய்ப் பாத்துக்கறேன். உங்ககூடவே இருக்கேன்." டுவேனுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். மூலை அறைக்கு ஒரு துளைபோடும் கருவியும் இரண்டு மீன் தூண்டிலும் அன்று மாலையே போய்ச் சேர்ந்தன.

ஹாகன் அலுவலகத்துக்குப் போய் மார்லிஸின் எதிரே தொப்பென்று உட்கார்ந்தார். மார்லிஸ் ஒரு பிரித்த உறையை அவர் பக்கம் நகர்த்தினார். மார்லிஸ் முகத்திலும் களை இல்லை.

"அலாஸ்கா. வேற ஆளை எடுத்துட்டாங்களாம்."

"மட்டிங்க," என்றார் ஹாகன். ஆனால் குரலில் பழைய தெம்பு இல்லை. "மார்லிஸ், யார்கிட்டயாவது சொல்லணும். அந்தக் கடிதம் முழுக்கப் பொய். அந்த மனுஷன் இங்கேருந்து ஒழிஞ்சா போதும்னு, வேற ஊர்க்காரன் தலையில கட்டறதுக்காக இல்லாத பொல்லாத பெருமையெல்லாம் எழுதி அனுப்பினேன். உலகத்துல எவனாவது இப்படி ஒரு வேலை பண்ணுவானா?"

மார்லிஸ் பின்னால் இருந்த கோப்புப் பெட்டியின் இழுப்பறையைத் திறந்தார். 'ஹாகன்' என்று எழுதிய கனமான கோப்பை எடுத்தார். டுவேன் கையெழுத்துப் போட்டது, டீன் கையெழுத்துப் போட்டது என்று ஒவ்வொன்றாக நகர்த்தி, அலாஸ்காவுக்குப் போன கடிதத்தின் நகலைக் கடைசியாக வைத்து மூடினார்.

"உங்களுக்காக நாங்க பதினோரு வருஷமா முறை வச்சு அதைத்தானே பண்ணிட்டிருக்கோம், லீலாண்ட்," என்றார். "ஒருத்தரும் ஏமாற மாட்டேங்கறாங்க."