ஆள்காட்டிக்கு உடல்மொழி சரியில்லை

ஒரு காட்டில், அதாவது வனத்துறைப் பலகையில் மட்டும் காடு என்று எழுதியிருந்த ஒரு புதர்க்காட்டில், முயல்கள் சங்கம் வைத்திருந்தன. சங்கத்துக்குக் காவலர் வேண்டும் என்று அறிவித்தார்கள். சம்பளம் கிடையாது. மழைத்தண்ணீர் ஏறாத மேட்டில் குடியிருக்க இடம் உண்டு.

ஆள்காட்டிக் குருவிக்கு அந்த மேடு வேண்டும். அவள் தரையில் முட்டையிடுகிறவள். போன மழையில் முட்டைகள் எல்லாம் தண்ணீரோடு போய்விட்டன. வேலையும் அவளுக்குப் புதிதல்ல. யார் வந்தாலும் முதலில் பார்த்துக் கத்துவாள். பேரே அதனால் வந்ததுதான்.

நேர்காணலில் சங்கத் தலைவர் முயல் நடுவில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் துணைத்தலைவர் முயல்.

"என் கண்ணைப் பார்த்துப் பேசும்மா."

ஆள்காட்டிக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருந்தன. அவரைச் சரியாகப் பார்க்க முகத்தைத் திருப்ப வேண்டும். திருப்பினாள். தலைவருக்கும் கன்னத்துக்கு ஒன்றாகத்தான் கண்கள். ஆனால் அவர் தலைவர்.

"காலை ஏன் இப்படி மாத்தி மாத்தி வைக்கிறே? பதட்டமா?"

"இல்லைங்க ஐயா, உங்க பின்னாடி..."

அதற்குமேல் அடக்க முடியவில்லை. தொண்டை கிழியக் கத்தினாள். தலைவரின் முதுகுக்குப் பின்னே புல்லில் ஒரு மலைப்பாம்பு கிடந்தது.

"அவர் அடுத்த விண்ணப்பதாரர்," என்றார் தலைவர், காதைத் தேய்த்துக்கொண்டே. "காலையிலேர்ந்து காத்திருக்கார். கொஞ்சமாவது அசைஞ்சாரா பாரு. கத்துக்கோ."

மலைப்பாம்பு இமைக்காமல் பார்த்தது. அதற்கு இமையே கிடையாது என்பது யாருக்கும் தோன்றவில்லை. கை இல்லாததால், கைகுலுக்குவதற்குப் பதில் துணைத்தலைவரை அணைத்துக்கொண்டது. துணைத்தலைவர் எந்த ஆட்சேபமும் தெரிவிக்கவில்லை. வேலை பாம்புக்கே கிடைத்தது.

ஆள்காட்டி ஓணானிடம் போனாள். ஓணான் தன்னம்பிக்கைப் பயிற்சி நடத்தி வந்தது. யார் என்ன சொன்னாலும் தலையாட்டும். அதனால் எல்லாம் புரிந்தவர் என்று பேர் வாங்கியிருந்தது.

"மேடு கிடைக்கலைன்னா இந்தத் தடவையும் முட்டை போயிடும் சார்."

ஓணான் தலையாட்டியது. "முட்டையை விடு. தோளை நிமிர்த்து. எதிர்ல இருக்கிறவர் உன் கண்ணைப் பார்க்கிற வரைக்கும் வாயைத் திறக்காதே. குரல் மெதுவா வரணும். முகத்துல சிரிப்பு இருக்கணும்."

அவள் நல்ல மாணவி. மறுபடி போனபோது சங்கமே அசந்துபோனது. உதவிக் காவலர் வேலையும் மேட்டில் ஒரு மூலையும் கொடுத்தார்கள். முட்டையிட்டாள்.

சங்கத்தில் உறுப்பினர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கூடவே புகார்களும் குறைந்ததால், நிர்வாகம் நன்றாக நடக்கிறது என்று தலைவர் நினைத்தார்.

ஒரு மாலை அவர் தனியாக அருகம்புல் மேய்ந்துகொண்டிருந்தார். பின்னால் தலைமைக் காவலர் ஊர்ந்து வந்துகொண்டிருந்தார். ஆள்காட்டியின் தொண்டைக்குள் பழைய கத்தல் முட்டியது. விழுங்கிக்கொண்டாள். தோளை நிமிர்த்தினாள். ஓடாமல் நடந்துபோய்த் தலைவருக்கு எதிரே நின்றாள். அவர் புல்லிலிருந்து தலை தூக்கட்டும் என்று காத்திருந்தாள். தூக்கினார். சிரித்தாள்.

"வணக்கம் ஐயா. உங்களுக்கு நேரம் இருந்தா, உங்க பின்னாடி நடக்கிற ஒரு விஷயத்தைப் பத்திக் கொஞ்சம் பேசலாமா?"

"அடடே," என்றார் தலைவர். அதற்குள் அவரைக் கழுத்துவரை சுற்றியாகிவிட்டது. "குரல்ல எவ்வளவு முன்னேற்றம்."

நீதி: ஆபத்தைச் சொல்லும்போது குரல் உயரக் கூடாது. கேட்டவர் பிழைத்தாரா என்று எந்த நேர்காணலிலும் கேட்பதில்லை.