மௌனக் கல்லின் மகிமை

அமெரிக்காவின் ஒஹையோவில், பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்பவர்களின் மே மாதச் சந்தை. சேற்று மைதானத்தில் கார் டிக்கிகளைத் திறந்துவைத்து, பேசவும் கேட்கவும் உதவும் பழைய டிரான்ஸீவர் பெட்டிகளை மாற்றிக்கொள்ளும் கூட்டம். ஒவ்வொரு தொப்பியிலும் அவரவர் வானொலி அழைப்புக்குறி, ஒவ்வொரு தலையிலும் மின்னணு ஞானம். அன்று அந்த ஞானமெல்லாம் ஒரு கூழாங்கல்லின் முன் கைகட்டி நின்றது.

கல்லின் சொந்தக்காரர் லைல் பிராக்டர். செம்புக் கம்பி சுற்றி, 'மௌனக் கல்' என்று பெயரும் சூட்டியிருந்தார். மேசையில் மூன்று டிரான்ஸீவர்கள்.

"இதுல இரைச்சல் குறைக்கிற பட்டன் இருக்கு. அமுக்கியும் கத்துது பாருங்க. இப்போ கல்லு!"

வைத்தார். இரைச்சல் நின்றது. அயோவாவில் யாரோ தன் முழங்கால் வலியை வர்ணிப்பது தெளிவாகக் கேட்டது. கூட்டம் சிலிர்த்தது. அடுத்த பெட்டி, அதற்கடுத்தது, அதே அற்புதம்!

கூட்டத்திலிருந்து எமெட் தன் டிரான்ஸீவர் பெட்டியை மார்போடு அணைத்தபடி முன்னால் வந்தார். அலாஸ்காவில் படுத்த படுக்கையாக இருக்கும் தம்பி வெர்னனோடு ஞாயிறுதோறும் அதில்தான் பேசுவார். சில மாதங்களாகத் தம்பியின் குரலை இரைச்சல் விழுங்கிக்கொண்டிருந்தது.

"இதக் குடுத்துட்டு கல்ல வாங்கிக்கறேன் நோரீன். வீட்டுல சின்னப் பெட்டி இருக்கே, அது மேல வெச்சுக்கலாம்."

மனைவி நோரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மின்சாதனங்கள் வானொலியில் இரைச்சலைக் கிளப்பும் என்பதால், வீட்டில் இரைச்சல் வந்தால் எமெட் முதலில் பிடுங்குவது நோரீனின் பிளக்குகளைத்தான். மீன் தொட்டி விளக்கு, தையல் மெஷின், கேக் வெந்துகொண்டிருக்கும் அடுப்பு. முப்பது வருட அனுபவம்!

"ஏங்க, வீட்டுல இரைச்சல்னா என் மீனச் சந்தேகப்படுறீங்க. இங்க மட்டும் கல்லக் கும்பிடுறீங்களா?" என்றவர், லைலிடம் திரும்பினார். "மூணையும் சேர்த்துப் போடுங்க. கல்ல ஒண்ணு மேல மட்டும் வைங்க."

லைல் வைத்தார். மூன்றும் அடங்கின.

"கல்லோட சக்தி பத்தடி போகும்மா!"

கூட்டம் கைதட்டியது. ஆதாரம் கவிழ்ந்தால்கூடக் கைதட்டுகிற கூட்டம்!

நோரீன் கல்லைப் பார்க்கவில்லை, கல்லை வைக்கும்போதெல்லாம் அசைந்த லைலின் முழங்காலைப் பார்த்தார். தையல்காரிக்குத் தெரியாத மிதியா?

"கல்ல நான் வைக்கிறேன். நீங்க ரெண்டு காலையும் நாற்காலி மேல தூக்கி வெச்சுக்குங்க."

"எனக்கு முட்டி வலிம்மா."

"அயோவாக்காரருக்கும்தான். தூக்குங்க."

வேறு வழியில்லாமல் தூக்கினார். நோரீன் கல்லை வைத்தார். இரைச்சல் காதைக் கிழித்தது. மேசை விரிப்பை விலக்கினார். அடியில் இரைச்சலைக் கிளப்ப நான்கு மட்டமான போன் சார்ஜர்கள், அவற்றை அணைக்க ஒரு கால் மிதி. எமெட் பாதி தின்றிருந்த சாஸேஜ் ரொட்டியை வாங்கிப் பெட்டிமேல் வைத்து, மிதியை அழுத்தினார். பரிசுத்தமான அமைதி!

"ரொட்டிக்கும் மகிமை இருக்கு. வேணுங்கறவங்க வரிசையில வாங்க."

லைல் அவசரமாக மூட்டை கட்டினார். பின்வரிசையில் ஒருவர் மட்டும் கேட்டார்: "கல்லப் பாதி விலைக்குத் தருவீங்களா?"

பெட்டியோடு வீடு வந்ததும் நோரீன் அது வழக்கமாக இருக்கும் மேசையின் பின்னால் கைவிட்டார். அகப்பட்டது எமெட்டின் சொந்தப் போன் சார்ஜர். அதை மட்டும் அவர் ஒருநாளும் பிடுங்கியதில்லை. நோரீன் பிடுங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை எமெட் வழக்கம்போலத் தொண்டை கிழியக் கூப்பிட்டார்.

"ஏண்ணே கத்துற?" என்றது அலாஸ்கா. "நல்லாத்தான் கேக்குது."

எமெட் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஊரார் பிளக்கையெல்லாம் சந்தேகிக்கும் அறிவாளிகளே! அற்புதம் நடக்கும்போது கல்லைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். அப்படியே உங்கள் சொந்த பிளக்கையும் ஒருமுறை பிடுங்கிப் பாருங்கள்.