பிரேக் பிடித்துவிட்டது, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அக்கா, கடை, பைக் எல்லாம் சுகம். இதில் பைக்கின் சுகம் இன்று காலைதான் உறுதியானது. அங்கே நீங்கள் எல்லோரும் சுகம் என்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

"இனிமே இவர் பின்னாடி உட்கார மாட்டேன்" என்று உங்கள் அக்கா போனில் சொன்னதும், "அத்தானுக்கு எண்ணெய் விக்கத்தான் தெரியும்" என்று நீங்கள் தேற்றியதும் என் காதில் விழுந்தன. அன்றிலிருந்து அவள் கடைக்கு நடந்து வருகிறாள். நான் பக்கத்திலேயே பைக்கை ஊர விட்டுக்கொண்டு வருகிறேன். தெருவே வேடிக்கை பார்க்கிறது.

நடந்தது இதுதான். அவளை ஏற்றிக்கொண்டு போய் எங்கே பிரேக் போட்டாலும் கீச்சென்று ஒரு சத்தம். தலையில் எண்ணெய் டின் சுமந்து விற்றுக் கடை வைத்தவன் நான். என் கடை ஷட்டர், தராசு, கல்லாப்பெட்டி எல்லாம் சொட்டு எண்ணெயில் வாயை மூடியவை; பைக்குக்கு மட்டும் மெக்கானிக் எதற்கு என்று முன்சக்கர டிஸ்க் பிரேக்குக்குத் தாராளமாக எண்ணெய் விட்டேன். முதல் திருப்பத்தில் பிரேக்கைப் பிடித்தால் வண்டி நிற்கவில்லை. கீச் போனதா என்று கேட்கலாமென்றால் உங்கள் அக்கா போட்ட கூச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. மெத்தைக் கடை வாசலில் அடுக்கியிருந்த தலையணைகளுக்குள் புகுந்து நின்றோம். "வீட்டுக்கு வீடு தலையணை அடுக்கிவெச்சா உங்க கூட வரலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தவள்தான்.

விட்டேனா? டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேட் எண்ணெய் குடித்திருந்தது; கழுவிப் பார்த்தேன், தேறவில்லை. ஊறிய எண்ணெய் திரும்பி வராது என்பது எனக்கா தெரியாது? புது பேட் வாங்கினேன். டிஸ்க்கைத் துடைத்து மாட்டினால் லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. கழுவுகிற வேகத்தில் பிரேக் ஆயில் குழாயையும் கழற்றியிருந்தேன், காற்று புகுந்துவிட்டது. கடையில் பீப்பாய் பம்பில் காற்று அடைத்தால் என்ன செய்வோம், அதே வைத்தியம். லீவரை அழுத்திப் பிடித்து, சக்கரத்துப் பக்கம் பிரேக்கில் இருக்கிற நட்டைத் திறந்து, குமிழி வெளியேறியதும் மூடி, பிறகு லீவரை விட்டு, குறைந்த ஆயிலை ஊற்றி, மறுபடியும் அதையே செய்து, கடைசிக் குமிழியையும் துரத்தினேன். லீவர் கல்லாக நின்றது.

இன்று காலை வாசலில் சாக்பீஸால் கோடு போட்டேன். உங்கள் அக்கா கைகட்டி நின்றாள். தெருமுனையிலிருந்து வேகமாக வந்து பிடித்தேன் பாருங்கள், டயர் கோட்டைத் தொட்டு நின்றது. கீச்சும் இல்லை. கோட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் வர்றேன்" என்றாள்.

ஆகவே மாப்பிள்ளை, போனில் சொன்னதை நீங்கள் மரியாதையாக வாபஸ் வாங்க வேண்டும். பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் வண்டியில் ஏதாவது கோளாறு என்றால் கூச்சப்படாமல் அத்தானைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
வெற்றியோடு, அத்தான்

பின்குறிப்பு: சாயங்காலம் உங்கள் அக்காவை ஏற்றிக்கொண்டு போனேன். முதல் திருப்பத்தில் பிரேக் ஆணி அடித்தாற்போல் பிடித்தது. கூடவே கீச். இறங்கிப் பார்த்தால் சத்தம் அவள் கால் வைக்கிற கம்பியில். "நீங்க பிரேக் போட்டா நான் காலை அழுத்துவேன்ல, சத்தம் என் காலடியிலன்னு அன்னைக்கே சொன்னேனே" என்றாள். சொன்னாள்தான். அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும், ஆனால் என்னைப் போட விடமாட்டாளாம். நாளைக் காலை அந்த ஒரு சொட்டுக்காக, எண்ணெய்க் கடை வைத்திருக்கும் நான் மெக்கானிக் கடைக்குப் போகிறேன். காவலுக்கு உங்கள் அக்கா பின்னாலேயே உட்கார்ந்து வருகிறாள். நீங்கள் எதையும் வாபஸ் வாங்க வேண்டாம்.