சும்மா படுப்பது என் வேலை

பெங்களூரில் சும்மா இருக்கிறவனை மதித்த ஒரே மனிதர் பாய்லர் சார்தான். மற்றவர்கள் சோம்பேறி என்பார்கள். அவர் கும்பிடாத குறை.

நான் ஒரு மெடிக்கல் காலேஜில் அட்டெண்டர். ஒக்கலிபுரத்திலிருந்து சைக்கிளில் வருவேன். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அவர் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று பாடம் எடுப்பார். உடம்பு ஒரு பாய்லர் என்றுதான் ஆரம்பிப்பார், அப்படியேதான் முடிப்பார். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் கேட்டில் வாட்ச்மேன் தூங்கிவிட்டான். ஆபீஸ் சூப்பரின்டெண்ட் கையும் களவுமாகப் பிடித்தார். பாய்லர் சார் நடுவில் புகுந்தார்.

"தூங்கறான்னு யார் சொன்னா? இதயம் அடிக்குது. மூச்சு ஓடுது. கிட்னி, லிவர், மூளை எல்லாம் டூட்டில இருக்கு. ஒரு நாள் சாப்பாட்டுல பாதிக்கு மேல இதுக்கே செலவாவுது. உங்க ஆபீஸ்ல இவ்ளோ வேலை யாருய்யா செய்யறாங்க?"

சூப்பரின்டெண்ட் போய்விட்டார். வாட்ச்மேன் மறுபடி டூட்டியில் இறங்கினான், கண்ணை மூடிக்கொண்டு.

கேண்டீனில் அவர் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். "இந்த மசால் தோசைக்கு நீ சிவாஜிநகர் வரைக்கும் நடக்கணும். நடப்பியா? ஆட்டோல போவே. அப்போ இது எங்க போவும்?" என்று கேட்டு வயிற்றைக் காட்டுவார். காசு கொடுத்து வாங்கிய தோசை அதற்கப்புறம் தொண்டையில் இறங்காது.

அவருடைய உயிர் ஒரு மிஷினில் இருந்தது. ஆள் ராத்திரியிலிருந்து சாப்பிடாமல் வர வேண்டும். கட்டிலில் படுக்க வேண்டும். மூக்குக்குக் கிளிப். வாயில் குழாய். மிஷினுக்குள் ஆக்சிஜன். அதை இழுக்க இழுக்கப் பேனா ஒன்று காகிதத்தில் மேல்நோக்கிக் கோடு போடும். அதிகம் எரிந்தால் கோடு செங்குத்தாக ஏறும். சும்மா இருக்கும்போது உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்று அந்தக் கோட்டை வைத்துச் சொல்வார்கள். சாப்பிட்டிருந்தால் கணக்கு ஏறும். ஜுரம் இருந்தால் ஏறும். பயம் இருந்தாலும் ஏறும்.

படுக்க என்னைப் பிடித்தார்.

"உன் மூஞ்சில ஒண்ணுமே இல்லைய்யா. அதுதான் எனக்கு வேணும்."

என் மனைவியும் அதையேதான் சொல்வாள். அவள் பாராட்டாகச் சொல்வதில்லை.

அந்த வருஷம் ஸ்டெல்லா என்று ஒரு பெண். கோலார் தங்கவயல். அப்பா சுரங்கத்தில் வேலை. பிராக்டிகலில் ஒரு தடவை ஃபெயில் ஆகியிருந்தாள். கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். இந்தத் தடவையும் போனால் படிப்பை விட்டு ஊருக்கு வந்துவிடு என்று அப்பா சொல்லிவிட்டார்.

பரீட்சையில் அவளுக்கு அந்த மிஷின்தான் வந்தது. படுத்தது நான்.

மார்க் போட வந்த வெளியூர்ப் பரீட்சைக்காரர் ஒருவர் நாற்காலியில் இருந்தார். பாய்லர் சாருக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் வந்து என் தலைமாட்டில் நின்றார். குனிந்தார்.

"ரிலாக்ஸ்யா. எதையும் நெனைக்காதே. அந்தப் பொண்ணு வாழ்க்கையே இப்போ உன் மூக்குலதான் இருக்கு."

வாயில் குழாய். நான் என்ன சொல்ல முடியும்?

"ஏன்யா வேர்க்குது? வேர்க்காதே! ரிலாக்ஸ்னா ரிலாக்ஸ்!"

பேனா தாறுமாறாக ஓடியது. ஸ்டெல்லா கணக்குப் போட்டாள். பரீட்சைக்காரர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னம்மா, இவருக்குத் தைராய்டு கோளாறா? படுத்த இடத்துல ஊரையே எரிக்கறார்?"

ஸ்டெல்லாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"இல்ல சார்," என்றாள். "அண்ணன் நல்லாத்தான் இருக்கார். ரெஸ்ட்லதான் இல்ல."

"ஏன்?"

அவள் பாய்லர் சாரைப் பார்த்தாள்.

"இந்த சார் வெளிய போகணும், சார்."

யாரும் மூச்சு விடவில்லை. நான் மட்டும் விட்டேன், குழாயில்.

பாய்லர் சார் முகம் சிவந்தது. போய்விட்டார். கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்தினார்.

ஸ்டெல்லா கட்டிலைச் சுற்றியிருந்த திரையை இழுத்துவிட்டாள். என்னை அரைமணி நேரம் அப்படியே விட்டாள். மறுபடி எடுத்தாள். கோடு ஒழுங்காக, மெல்லச் சாய்ந்து ஏறியது. பரீட்சைக்காரர் அதற்குமேல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கும் பதில் சொன்னாள். பாஸ்.

மறுநாள் கேண்டீனில் பாய்லர் சார் மேஜை மேஜையாகப் போனார்.

"என்னையே வெளிய அனுப்பிட்டாய்யா! நான் நடத்தினதை வெச்சு என்னையே!"

பொன்னாடை போர்த்திய மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதற்கப்புறம் பரீட்சை என்றால் உள்ளே வர மாட்டார். வராந்தாவில் ஜன்னலோரம் நிற்பார். உள்ளே கோடு ஏறும். வெளியே இவர் எரிவார். ஒரு ஸ்டூல் போட்டு வைத்தேன். ஒரு தடவைகூட உட்காரவில்லை.

அவர் ரிட்டயர் ஆனார். அடுத்த வருஷப் பரீட்சை வந்தது. கட்டிலில் படுத்தேன். கோடு செங்குத்தாகவே ஏறியது. கிளிப்பைக் கழற்றிவிட்டு எழுந்தேன். வராந்தாவில் அவர் நிற்கும் ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டுவிட்டு வந்து படுத்தேன்.

பிறகுதான் மூச்சு சீரானது.