இருபுறமும் உள்ளே

உலகில் எத்தனையோ குடிநீர் அலுவலகங்கள் உண்டு. ஆனால் பொதுமக்களை "வெளியே" என்று எழுத மனம் வராமல் ஒரு ரூட்டரையே திருத்திய அலுவலகம் எங்களுடையது ஒன்றுதான். அந்த வரலாற்றுக் கூட்டத்துக்குக் குறிப்பெழுதிய கண்காணிப்பாளர் நான் என்பதால், இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

விஷயம் இதுதான். புகார்களை இனி இணையத்தில் மட்டுமே வாங்குவது என்று முடிவெடுத்து, கட்டடத்துக்குள் ஒரு சர்வர் வைத்தோம். தொலைபேசியையும் புகார்ப் பெட்டியையும் அன்றே எடுத்துவிட்டோம். சர்வருக்கோ உள்வீட்டு முகவரி மட்டும்தான். வெளியில் இருந்து யாரும் அதைத் தேடி வர முடியாது. ஆகவே ஊருக்கு ஒரு முகவரி கொடுத்து, அங்கே வந்து தட்டுகிறவர்களை எப்போதும் இந்த சர்வரிடமே கொண்டுவந்து விடும்படி ரூட்டரிடம் சொல்லி வைக்க வேண்டும். நெட்வொர்க் வேலைக்கு வந்திருந்த பெண் இதை முதலில் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு சோதனைக்கூடம் அமைத்துக் காட்டினாள். அதில் ரூட்டர் உண்டு. பெட்டி இல்லை, வயர் இல்லை. மேலாளர் அசந்துபோனார்.

"தூசி படியாது, சூடாகாது, யாரும் தூக்கிட்டுப் போக முடியாது. ரூட்டர்னா இதும்மா," என்றார்.

உடனே "மெய்நிகர் ரூட்டர் உயர்நிலைக் குழு" அமைக்கப்பட்டது. பிஸ்கட் மட்டும் மெய்யானது.

"ரூட்டருக்கு ரெண்டு பக்கம் சார்," என்று அந்தப் பெண் விளக்கினாள். "சர்வர் இருக்கற பக்கத்தை 'உள்ளே'ன்னு குறிக்கணும். ஜனங்க வர்ற பக்கத்தை 'வெளியே'ன்னு குறிக்கணும்."

மக்கள் தொடர்பு அதிகாரியின் முகம் சுண்டிப்போனது. "ஜனங்களைப் போய் வெளியேன்னு எழுதறதா? யாராவது பாத்தா நம்ம மானம் என்ன ஆகறது?"

மேலாளர் கண்ணை மூடித் திறந்தார். "ரெண்டு பக்கமும் உள்ளேன்னே போடுங்க."

"அப்படிப் போட்டா ஊருக்குக் குடுத்த முகவரி சர்வர் முகவரியா மாறாது சார். வெளியிலேர்ந்து யாரும் வர முடியாது. எது உள்ளே, எது வெளியேன்னு தெரிஞ்சாத்தான் ரூட்டர் வேலை செய்யும்."

"தெரியலைன்னா அதுக்கும் ஒரு பயிற்சி குடும்மா. நம்ம ஆளுங்களுக்கெல்லாம் குடுக்கலையா?"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அந்தப் பெண்ணுக்கு ஓட்டு இல்லை.

"வெளியிலேர்ந்து திறந்து பாத்துடலாம் சார்," என்று அவள் கெஞ்சியதையும் மேலாளர் தட்டவில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வெளியே, தாழ்வாரத்துக்கே போனார். அலுவலக வைஃபையில் புகார்ப் பக்கம் பளிச்சென்று திறந்தது. நாங்கள் கைதட்டினோம். சோதனைக்கூடத்தில் இருந்ததை அவள் எழுத்துப் பிசகாமல் நிஜ ரூட்டரில் ஏற்றினாள்.

பலன் உடனே தெரிந்தது. வாரக்கணக்காக ஒரு புகார்கூட வரவில்லை. மற்ற அலுவலகங்கள் எங்களைப் பார்த்துப் படிக்க ஆள் அனுப்பின. தலைமையகம் எங்களுக்குக் "குறையற்ற சேவை விருது" அறிவித்தது.

இந்த நேரம் பார்த்தா என் தங்கை தெருவில் குழாய் உடைய வேண்டும்? அவளுடைய தையல்கடை தெருவைவிடத் தாழ்வானது.

"அண்ணா, கடைக்குள்ள தண்ணி வந்துடுச்சு. துணியெல்லாம் பரண்ல ஏத்திட்டேன். மெஷினை எங்க ஏத்தறது?"

"இணையத்துல புகார் போடும்மா. பதிவாகாம ஆள் அனுப்ப முடியாது."

"அந்தப் பக்கம் திறக்கவே மாட்டேங்குது."

மறுநாளும் அழைத்தாள், அதற்கு மறுநாளும் அழைத்தாள். அந்த இரண்டு மெஷின்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. கடைசியில் அவளை வரவழைத்து, என் நாற்காலியிலேயே உட்கார்த்தி, என் கம்ப்யூட்டரில் புகாரைப் போடச் சொன்னேன். பதிவாகிவிட்டது. நெட்வொர்க் பெண் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். தங்கை நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

மேலாளர் சிரிக்கவில்லை. விருது விழா நெருங்கிவிட்டிருந்தது. "இது எங்கேருந்து வந்தது?" என்றார்.

"உள்ளேருந்துதான் சார்," என்றாள் அந்தப் பெண். "வெளியிலேர்ந்து வர வழியே இல்லையே."

மேலாளரின் முகம் தெளிந்தது. "அப்போ இது பொதுமக்கள் புகார் இல்லை. ஊழியர் ஒழுங்கீனம்."

புகார் நீக்கப்பட்டது. எனக்கு ஒரு மெமோ. மெமோ எழுதுவது என் வேலை என்பதால் நானே எழுதி நானே வாங்கிக்கொண்டேன். நடை நன்றாக இருப்பதாக மேலாளர் பாராட்டினார்.

மாலையில் தங்கை அழைத்தாள். "ஆள் கிளம்பிட்டாங்களா அண்ணா?"

"எப்படிம்மா அனுப்புவாங்க? எங்க கணக்குப்படி இதுவரைக்கும் ஒரு புகாரும் வரலை."

வாளியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது.

"அப்போ இத்தனை நாளா உன்கிட்ட நான் பாட்டா பாடிட்டிருந்தேன்?" என்றாள்.